அளவு ஜாக்கெட்

பாண்டீஸ்வரி தைத்த ஜாக்கெட்டைப் பற்றி ஆனையூரில் ஒரு பேச்சு உண்டு. ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனாள். நெரிசலில் செருப்பு போனது, கொலுசு போனது, கூட வந்த புருஷனும் போனான். ஜாக்கெட்டில் ஒரு கொக்கிகூட விடவில்லை. புருஷன் மறுநாள் தானாகத் திரும்பி வந்துவிட்டான். அதையும் அவள் நட்டத்தில்தான் சேர்த்தாள் என்கிறார்கள். சொன்னவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள், நானும் என் பங்குக்குக் கூட்டியிருக்கிறேன். கொக்கி விடாதது மட்டும் சத்தியம்.

ஏனென்றால் கொக்கி கட்டியது பாண்டீஸ்வரி இல்லை, அவள் அம்மா சோலையம்மாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னல் பக்கம் தையல் மிஷின், சுவரோரம் துணி மடித்து வெட்டும் மேசை, மூலையில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பூப்போட்ட திரை. மகள் வெட்டுவாள், மிஷினில் ஓட்டுவாள். தாய் கீழே பாய் போட்டு உட்கார்ந்து கொக்கி கட்டுவாள், ஓரம் மடித்துக் கையால் எம்மிங் போடுவாள். சோலையம்மாளின் கைத்தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ஒன்று முந்தாது, ஒன்று பிந்தாது. அப்பா காசிமாயன் குட்டி யானை வண்டி ஓட்டி உசிலம்பட்டிச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிறவர். வீட்டில் அவர் பேசியதைவிட அவர் வண்டியில் வந்த ஆடுகள் பேசியது அதிகம்.

ஊரில் பெண்கள் டெய்லரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பது குறைவு. பொம்பளை டெய்லராக இருந்தாலும் டேப் மேலே பட்டால் கூச்சம். அதற்காகத்தான் அளவு ஜாக்கெட். எப்போதோ ஒரு நல்ல நேரத்தில் உடம்போடு ஒட்டி அமைந்துவிட்ட பழைய ஜாக்கெட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். புதுத் துணியோடு அதையும் சுருட்டிக் கொடுத்து, "இதுபடி தச்சிரு" என்பார்கள். பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, உடம்பு ஏறி இறங்கி எங்கெங்கோ போயிருக்கும். அளவு ஜாக்கெட் மட்டும் கல்யாணமான வருஷத்திலேயே நிற்கும். டெய்லர்கள் துணியைப் பார்ப்பார்கள், அதைத் தந்த உடம்பைப் பார்ப்பதில்லை. உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். இறுக்கினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

சோலையம்மாளின் அளவு ஜாக்கெட் மயில்கழுத்து நிறம். பாண்டீஸ்வரி சமயநல்லூரில் தையல் படித்தபோது முதன்முதலாகக் கெடுக்காமல் தைத்த ஜாக்கெட் அது. அதனால் அந்தம்மாவுக்கு அது அளவு மட்டுமில்லை, மகள் வாங்கிவந்த மெடல்.

ஒரு தைப் பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், சோலையம்மாள் புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"எடது பக்கம் கொஞ்சம் பிடிக்குதுடி."

"எப்படிப் பிடிக்கும்? துணிய ரெண்டா மடிச்சு ஒரே வெட்டா வெட்டுறேன். பிடிச்சா ரெண்டு பக்கமும் பிடிக்கணும்."

"பிடிக்குதுன்னா பிடிக்குது."

"அளவு ஜாக்கெட் படிதான் தச்சிருக்கேன். ஒன் ஒடம்பு என்ன நெனச்சு வெயிட்டு போடுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? ராத்திரி பணியாரம் திங்கும்போது நெனச்சிருக்கணும்."

"ஒங்கொப்பன் வாங்கிட்டு வந்தா திங்காம கொல்லைக்கா போட முடியும்" என்று சொல்லிக்கொண்டே சோலையம்மாள் வெளியே வந்தாள். வேலையைப் பார்த்தாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சித்திரை கழிந்து பாண்டீஸ்வரிக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, தாய்மாமன் மகன் அழகுராஜா. செல்போன் டவர் கம்பெனியில் மதுரையிலேயே வேலை. கல்யாணம் ஆவணியில் என்று வைத்தார்கள். உசிலம்பட்டியிலிருந்து பூ வைக்க வந்த கூட்டத்துக்குத் தலைமை மாப்பிள்ளையின் தாய் ஒச்சம்மாள். சோலையம்மாளுக்கு மதினி, பாண்டீஸ்வரிக்கு அத்தை. வைகையில் விழுந்தவன்கூட மணலைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். ஒச்சம்மாள் வாயில் விழுந்தவர்கள் எழுந்ததாகக் கதை இல்லை. பூ வைக்க வந்த இடத்தில் காப்பியை ஆற்றிக்கொண்டே யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள்:

"செல்லம்பட்டிக்காரி மகளுக்கு வயித்துல கோடு போட்ட மாதிரி தையலாம்ல. ஆப்ரேசனாம். மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாக. இப்ப அந்த மாப்ள வீட்டுல சொல்றாக, சரக்கப் பிரிச்சுப் பாக்காம வாங்குனது எங்க தப்புதான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரியும் சிரித்தாள்.

கல்யாண ஜாக்கெட்டை அவளே தைத்தாள். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் தனக்கு அளவு எடுக்கக் கண்ணாடி முன் நின்று டேப்பைச் சுற்றினாள். டேப்பைச் சரிசெய்த விரல், வலது மார்பின் ஓரத்தில் எதிலோ இடித்தது. விட்டுவிட்டு மறுபடி தேடினாள். காணோம். பெருமூச்சு விட்டாள். கையைத் தூக்கித் தேடினாள். இருந்தது. சுண்டைக்காய் அளவு. அமுக்கினால் நழுவி ஓடியது, விட்டால் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அவள் கைக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. மிஷினை மிதிக்கும்போது, துணியில் சாக்பீஸ் போடும்போது, தட்டில் சோறு ஆறும்போது கை தானாக அக்குளுக்குப் போகும். இருக்கிறதா என்று பார்க்கும், இருக்கும். ஒரு நாள் பெரிதாகிவிட்ட மாதிரி தோன்றும். மறுநாள் சிறுத்துவிட்டது என்று பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றுவாள். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள். அம்மா அழுதால் அப்பா கேட்பார். அப்பா கேட்டால் மாமனுக்குப் போகும். மாமனுக்குப் போனால் அத்தை. அத்தோடு ஊர் முடிந்தது.

கடைசியில் சொன்னது ஐரினிடம். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் கூடப் படித்தவள், இப்போது கே.கே. நகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் பெயர் பதியும் கவுண்டரில் இருக்கிறாள். அண்ணன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஜாக்கெட் வாங்க வந்தவள் கேட்டாள்.

"ஏண்டி மூஞ்சி இப்படி இருக்கு? கல்யாணம் ஒனக்கா, ஒன் மிஷினுக்கா?"

சோலையம்மாள் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். பாண்டீஸ்வரி ஐரினைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், அவள் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். ஐரின் முகத்தில் கேலி நின்றது.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்தப்ப பாத்தேன்."

"நாளக் கேட்டா ஜாக்கெட்டச் சொல்றா பாரு. வியாழக்கெழம எங்க லேடி டாக்டர் இருப்பாங்க, வா."

"அத்தைக்குத் தெரிஞ்சா?"

"ஜலதோசத்துக்கு வந்தேன்னு சொல்லு. கவுண்டர்ல உக்காந்திருக்கது நான். என் வாயி ஒங்கத்தை வாயி இல்ல."

"ஐரினு, அது கெட்ட கட்டியா இருந்தா?"

"அது என்ன கட்டின்னு பாக்கத்தாண்டி வரச் சொல்றேன். நீ பாட்டுக்குத் தடவிக்கிட்டே இருந்தா அது பேரச் சொல்லிருமா?"

வியாழக்கிழமை காலை, விளக்குத்தூணில் லைனிங் துணி எடுக்கப் போறேன் என்று பாண்டீஸ்வரி கிளம்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் சோலையம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நானும் வாரேன்."

"கொக்கி கட்ட வேண்டியது அம்புட்டும் கெடக்கேம்மா."

"கெடக்கட்டும். அது என்ன, எந்திரிச்சு ஓடிரவா போகுது."

டவுன் பஸ்ஸில் தாயும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். செல்லூர் தாண்டியது. பிறகு சோலையம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"கையி சும்மா சும்மா அக்குளுக்குப் போறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எந்தப் பக்கம்?"

"வலது."

"உருளுதா?"

"உருளுது."

சோலையம்மாள் மூச்சை விட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்தி இடது கையால் இடுக்கிக்கொண்டாள். "யார்ட்டயும் சொல்லலையே?"

"ஐரினுக்கு மட்டும் தெரியும்."

"அந்தப் புள்ள போதும்."

கை போனதை வைத்தே அது கட்டி என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, எந்தப் பக்கம் என்று கேட்டவள் உருளுதா என்று ஏன் கேட்டாள் என்றெல்லாம் யோசிக்க அன்று பாண்டீஸ்வரிக்கு மனசில் இடமில்லை. அம்மா அழவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டாக்டரம்மா வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு விரல் நுனிகளால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம், கழுத்து, அக்குள். "வலிக்குதா? வீட்டுக்குத் தூரமாகுற சமயத்துல பெருசாகுதா? கசிவு ஏதும் உண்டா?" என்று கேட்டார். "வீட்டுல யாருக்காவது மார்புல கட்டி வந்திருக்கா? அம்மா, சித்தி, பெரியம்மா, அம்மாச்சி?"

திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துல யாருக்கும் அப்படிக் கெடையாதுங்க."

பிறகு ஸ்கேன். ஜில்லென்று ஏதோ பசையைத் தடவிக் கருவியை வைத்து உருட்டினார்கள். டிவி பெட்டியில் மேகம் மாதிரி எதுவோ நகர்ந்தது. அதற்குள் ஒரு கறுப்புச் சுண்டைக்காய். மரத்துப்போக மருந்து போட்டு ஊசியை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ துணியில் ஊசி ஏற்றியவளுக்கு ஊசியின் நோவு அன்றுதான் தெரிந்தது. "அடுத்த வியாழக்கெழம வாங்க, ரிசல்ட் வந்துரும்" என்றார்கள்.

அந்த ஒரு வாரம் ஆனையூரில் யாருக்கும் ஜாக்கெட் சரியாக அமையவில்லை. ஒருத்திக்குக் கை மாறி வந்தது. ஒருத்திக்குக் கழுத்து முதுகில் வந்தது என்பார்கள். அதை நான் நம்பவில்லை. இரவில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து, இரண்டு பேரும் தூங்குவது போலக் கிடந்தார்கள்.

மறு வியாழன் டாக்டரம்மா உட்காரச் சொல்லிவிட்டு முதலிலேயே சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் பாண்டீஸ்வரிக்கு மூச்சு திரும்பியது.

"நல்ல கட்டிதாம்மா. இதுக்குப் பேரு பைப்ரோ அடினோமா. பேரு பெருசு, ஆளு சிறுசு. ஒங்க வயசுப் பொண்ணுங்களுக்கு நெறைய வருது. கையில சிக்காம உருண்டு ஓடும். எடுக்கணும்னு அவசியம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்து ஒரு தடவ காட்டுங்க. பெருசானா, மாறுனா, அதுக்கு முன்னாலயே வாங்க. கல்யாணம், குழந்தை, எதுக்கும் இது குறுக்க நிக்காது."

பாண்டீஸ்வரி அழுதாள். இத்தனை நாளாக அடக்கியது அம்புட்டும் வந்தது. அழுதுகொண்டே, விளக்குத்தூணுக்கு உண்மையாகவே போக வேண்டும், லைனிங் துணி எடுக்க வேண்டும், வழியில் அம்மாவுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்தும் விட்டாள். சோலையம்மாள் எழவில்லை.

"டாக்டரம்மா. உருளலைன்னா?"

"எதும்மா?"

"கட்டிதான். உருளாம, தரையில கல்லு பதிச்ச மாதிரி ஒரே எடத்துல இருந்துச்சுன்னா?"

"அப்படி இருந்தா உடனே பாக்கணும்."

"மேல தோலு உள்வாங்கி, ஆரஞ்சுத் தோலு கணக்கா குழி குழியா இருந்துச்சுன்னா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "யாருக்கும்மா?"

"பக்கத்து வீட்டுல ஒருத்தி இருக்கா."

"சரி. அந்தப் பக்கத்து வீட்டம்மாவ எந்திரிச்சு இந்தத் திரைக்குள்ள வரச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. குரல் மெதுவாகத்தான் இருந்தது.

சோலையம்மாள் மகளைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். திரை மூடியது. பாண்டீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். சற்று நேரத்தில் நர்ஸ் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, கழற்றிய ஜாக்கெட்டை நாற்காலி மேல் போட்டாள்.

பழக்கதோஷம், பாண்டீஸ்வரி அதைக் கையில் எடுத்தாள். பொங்கலுக்கு அவள் தைத்த ஜாக்கெட். உட்புறம் திரும்பிக் கிடந்தது. வலது பக்கத் தையல் அவள் மிஷின் ஓட்டியபடியே இருந்தது. இடது பக்கத்தில் அவள் தையலைக் காணோம். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் பிரித்து விட்டாயிற்று. அதுவும் பற்றாமல், அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டை ஒட்டுப் போட்டிருந்தது. காசிமாயனின் பழைய கட்டம் போட்ட கைலித் துணி. அதைச் சுற்றி, எறும்பு வரிசையாகக் கைத்தையல். ஒன்று முந்தாமல், ஒன்று பிந்தாமல்.

முந்தானையை இழுத்து இடுக்கினால் மறையும் இடம். கூடவே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் பாண்டீஸ்வரிதான் முதலில் பேசினாள்.

"எப்ப இருந்தும்மா?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே" என்றாள் சோலையம்மாள். "எடது பக்கம் பிடிக்குதுன்னு சொன்னேனே."

பாண்டீஸ்வரி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பதறிப்போய் அவள் தொடையில் கை வைத்தாள்.

"குத்தமாச் சொல்லலத்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதச் சொன்னேன். அம்புட்டுதான். அப்புறம் ஒனக்குப் பேச்சு வந்துச்சு. சரி, ஆவணி முடியட்டும், மகளக் கட்டிக் குடுத்துட்டு நிம்மதியாப் போய்ப் பாப்போம்னு இருந்துட்டேன். ஒன் கையி அக்குளுக்குப் போனதப் பாத்தப்பதான் எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. ஏன்னா என் கையும் அங்கனதான போகும்."

ஒரே வீட்டில், ஒரே மிஷினுக்குப் பக்கத்தில், ஒரே கல்யாணத்துக்காக இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி மறைத்திருக்கிறார்கள். செல்லூர்ப் பாலத்தில் பஸ் நின்றபோது யாரோ பூ விற்றுக்கொண்டு ஏறினார்கள். சோலையம்மாள் ஒரு முழம் வாங்கி மகள் தலையில் வைத்தாள். "ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாகல்ல. அது போதும்" என்றாள்.

அதன்பின் பெரியாஸ்பத்திரி. மறுபடி ஊசி, மறுபடி ஸ்கேன், ஈரல்வரை போயிருக்கிறது என்றார்கள். முதலில் மருந்து ஏற்றிப் பார்ப்போம், சுருங்கினால் அறுவை செய்யலாம் என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. காசிமாயன் வண்டியின் பின்னால், ஆடுகள் நிற்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் இறங்காமல் இருந்தார். இறங்கி வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "எனக்குமா சொல்ல மாட்ட?"

சேதி உசிலம்பட்டிக்குப் போன மறுநாளே ஒச்சம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், கண்ணில் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்தாள். அழுது முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சோலை, தப்பா எடுத்துக்கிறாத. தாயிக்கு வந்தா மகளுக்கும் வரும்னு ஊருக்குள்ள சொல்றாக. எனக்கு ஒத்தப் பையன். ஒங்க அண்ணன் எதுவும் சொல்ல மாட்டாரு, நாந்தான் கேக்கணும். கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாத்தா என்ன?"

சோலையம்மாளின் முகம் கூம்பிப்போயிற்று. ஊசியைவிட, நோயைவிட அவள் பயந்த வார்த்தை இதுதான். இதற்காகத்தான் அந்தக் கைலித் துணியை ஒட்டுப் போட்டாள்.

பாண்டீஸ்வரி காப்பித் தம்ளரை அத்தையின் முன்னால் வைத்தாள்.

"எனக்கும் கட்டி இருக்கு அத்தை."

ஒச்சம்மாளின் கை தம்ளருக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"வலது பக்கம். டாக்டர்ட்ட காட்டி, ஊசி விட்டு, டெஸ்ட் எடுத்தாச்சு. நல்ல கட்டியாம். உருளும். சரக்கப் பிரிச்சுப் பாக்காம வாங்கிட்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாதுல்ல? திரைக்குப் பின்னால வாங்க, தொட்டுப் பாத்துக்கங்க."

ஒச்சம்மாள் வாய் திறந்தபடி இருந்து, வார்த்தை வராமல் மூடியதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. வாசல் பக்கம் போனை நோண்டிக்கொண்டிருந்த அழகுராஜா தலை நிமிரவில்லை.

"யம்மா. காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு. ஆவணின்னா ஆவணிதான்."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சோலையம்மாள் கத்தரிப்பூ நிறத் துணியும் மயில்கழுத்து நிற அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மருந்தில் தலைமுடி கொட்டி, துண்டு கட்டியிருந்தாள்.

"கல்யாணத்துக்குப் போட. இதுபடி தச்சிரு."

பாண்டீஸ்வரி அளவு ஜாக்கெட்டை எடுத்து மிஷின் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"கையத் தூக்கும்மா."

"எதுக்குடி அதெல்லாம்."

"தூக்கு."

சோலையம்மாள் தூக்கினாள். மகள் டேப்பைச் சுற்றினாள். பெற்ற தாயின் உடம்பை இத்தனை வருஷத்தில் முதன்முதலாக அளந்தாள். இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக. விரல் பட்ட இடத்தில் கல் இருந்தது. அது உருளவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "கூசுதுடி" என்றாள் தாய். கூசவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

துணியை மடிக்காமல் விரித்துப் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வெட்டு, மறு பக்கத்துக்கு வேறு வெட்டு என்று வெட்டினாள். எந்த டெய்லரும் அப்படி வெட்டுவதில்லை. உள்ளே உறுத்தாத மெல்லிய மல் துணி வைத்தாள். அன்றைக்குக் கொக்கியையும் அவளே கட்டினாள். சோலையம்மாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னாலேயே இடது கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள்.

"என்னம்மா?"

"இப்பப் பிடிக்கல" என்றாள் சோலையம்மாள்.

அந்த ஜாக்கெட்டோடுதான் மணமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தாள். பார்த்தவர்கள் எல்லாம் ஆளு தேறிட்டா என்றார்கள். மருந்துக்குக் கட்டி கொஞ்சம் சுருங்கிப் பார்த்தது, பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அறுவைக்கு வேளை வரவேயில்லை. கார்த்திகையில் கொக்கி கட்டுவதை நிறுத்தினாள். தையில் பாயை விட்டு எழவில்லை. மாசியில் ஒரு மத்தியானம், மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு ஒச்சம்மாள் வந்தாள். அவள் வைத்த ஒப்பாரியில் தெருவே கலங்கியது. வாய் இருப்பது இதற்கும்தான் போலிருக்கிறது. குளிப்பாட்டும்போது ஜாக்கெட் கேட்டார்கள். யாரோ மிஷின் பெட்டியைத் திறந்து மயில்கழுத்து நிறத்தை எடுத்து நீட்டினார்கள்.

"இந்தா, அளவு ஜாக்கெட்டே இருக்கே."

"அது அம்மா அளவு இல்ல" என்று பாண்டீஸ்வரி அதை வாங்கி வைத்துக்கொண்டாள். கத்தரிப்பூ நிறத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குள் உடம்பு வற்றிப்போயிருந்தது. ஒச்சம்மாள் கொக்கியை மாட்டிவிட்டுச் சொன்னாள். "தொளதொளன்னு கெடக்கேத்தா."

"கெடக்கட்டும் அத்தை. பிடிக்காது."

கடை மறுபடி திறந்தாயிற்று. அழகுராஜாவும் அங்கேயே குடியிருக்கிறான். மாமனாரைத் தனியாக விடக் கூடாது என்பது அவன் கணக்கு. மாமனும் மருமகனும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று மழை வரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாண்டீஸ்வரி ஐரினின் கவுண்டரில் போய்ப் பெயர் கொடுக்கிறாள். "ஜலதோசமா?" என்று கேட்டுவிட்டு ஐரின் உள்ளே அனுப்புகிறாள். சுண்டைக்காய் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

கடையில் ஒரு மாற்றம். அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை. ஆனையூரில் முணுமுணுக்காதவர்கள் இல்லை. துணி கொடுக்கப் போனால் போலீஸ்காரி மாதிரி கையைத் தூக்கச் சொல்கிறாள் என்கிறார்கள். இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள்.

இந்தச் சித்திரைக்கு உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள். பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்தாள். கூடவே மஞ்சள் பூத்த பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி வைத்தாள்.

"மருமகளே, இதுபடி தச்சிரு. உங்க மாமா என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்தது. இன்னமும் அதே ஒடம்புதான்."

பாண்டீஸ்வரி பச்சைத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பழையதைத் திருப்பி அத்தையின் பையிலேயே வைத்தாள். திரையை விலக்கினாள்.

"உள்ள வாங்க அத்தை. கையத் தூக்குங்க."

"எனக்கென்னத்தா கேடு. கல்லு மாதிரி இருக்கேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று ஒச்சம்மாளுக்கே பட்டது. கீழே, பாய் போட்டு உட்கார ஆளில்லாத இடத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய், சத்தம் போடாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.